தாத்தாவின் பதக்கத்தை மாட்டலாமா?

கேள்வி: அப்பாவின் அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து பர்மாவில் சண்டை போட்டவர். வீரத்துக்காகப் பதக்கம் வாங்கியிருக்கிறார். 1945ல் சிங்கப்பூர் வந்து இங்கேயே தங்கி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அம்மா வழித் தாத்தா நேதாஜியின் படையில் இருந்தவர். அவர் படம் ஹாலில் இருக்கிறது. பக்கத்தில் பதக்கத்தையும் மாட்டலாம் என்றால், "வெள்ளைக்காரன் கொடுத்ததைப் போய் மாட்டுவதா?" என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
- வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக மாட்டுங்கள், தங்கையே. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பளபளப்பாக்குகிறேன் என்று விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, வட்டப் பதக்கமானால் விளிம்பையும் நட்சத்திரமானால் பின்பக்கத்தையும் பாருங்கள். இந்திய வீரர்களின் பதக்கங்களில் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

ஆறு முனை நட்சத்திரம் என்றால் அது பர்மா ஸ்டார். அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. வட்டமான வெள்ளிப் பதக்கமாக இருந்து, பின்பக்கம் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்டு' (போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக) என்றிருந்தால் மிலிட்டரி மெடல். அதற்கு மேலதிகாரி ஒருவர் பரிந்துரை எழுதியிருப்பார். அப்படிப்பட்ட பரிந்துரைகள் பல, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 373 என்ற வரிசையில் இன்றும் இருக்கின்றன. தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் படை எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

சாப்பர் வேலை என்றால் பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. அதே படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944ல் இத்தாலியில், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயர்ந்த வீர விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. அந்த நொடியில் அவர் மனத்தில் இங்கிலாந்து ராஜாவா இருந்திருப்பார்? பக்கத்தில் நின்ற ஆட்கள்தான் இருந்திருப்பார்கள்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 1942 பிப்ரவரி 17 அன்று, நம் ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை, சரணடைந்த பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். பலர், பின்னர் நேதாஜி தலைமை ஏற்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் பலரை நியூகினி வரை கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். பதக்கம் வாங்கிய தாத்தா அன்று அந்தத் திடலில் நின்றிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பார்? அண்ணனாலும் சொல்ல முடியாது.

அப்புறம், கடற்படைத் தளத்து வேலை அட்டை ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதையும் அதே சட்டத்துக்குள் வையுங்கள். பர்மாவில் அவர் இருந்தது சில வருடம்தான். செம்பவாங்கில் உழைத்தது அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்குமே. பதக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள், தேடுவதில் நானும் கூட இருக்கிறேன்.