எம்பிக்கு எழுதுங்கள், ஆனால் அந்த ஒரு மாதத்தை விட்டுவிடாதீர்கள்

அம்மாவின் பிப் (நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் கொடுப்பனவு) விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைப் பற்றி எம்பிக்கு எழுதினால், அவருடைய மருத்துவ விவரமெல்லாம் வெளியே போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பிரிட்டனில் ஒருவர் தன் எம்பியிடம் உதவி கேட்டாலே, பிப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான டிடபிள்யூபி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எம்பி அலுவலகத்துக்குப் பதில் தரும். 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்ட கேள்விக்குத் தேவையான விவரம்தான் போக வேண்டும், முழு ஃபைலும் இல்லை.

உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். கேட்பது நீங்கள், கொடுப்பனவு அம்மாவுடையது. அதனால் "என் பிப் விண்ணப்பம் பற்றி என் எம்பி விசாரிக்கவும் பதில் பெறவும் சம்மதிக்கிறேன், என் பிள்ளை என் சார்பில் பேசலாம்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். எம்பிகள் தங்கள் தொகுதிக்காரர்களுக்குத்தான் உதவுவார்கள் என்பதால் முகவரி ரொம்ப முக்கியம்.

அப்புறம், எம்பியால் முடிவை மாற்ற முடியாது. தேங்கிக் கிடப்பதை நகர்த்தலாம், காரணம் கேட்கலாம், அவ்வளவுதான். தயவுசெய்து அவருடைய பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை (முடிவை டிடபிள்யூபியே மறுபடி பார்ப்பது) கேட்டாக வேண்டும். எம்பிக்கு எழுதியதால் அந்தக் கெடு நிற்காது. அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இன்றைக்கே அந்தக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.