ஊசிப்போன இறைச்சியும் கூமுட்டையும்: பழைய அரபிச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இறைச்சி கெட்டதைச் சொல்ல 'ஸல்ல', 'கம்ம' என்று இரண்டு வினை ஏன்?

பதில்: பச்சை இறைச்சி நாறினால் ஸல்ல. சமைத்தது, சுட்டது நாறினால் கம்ம. நிஷாப்பூர்க்கார மொழியறிஞர் ஸஆலிபி (961–1038) 'ஃபிக்ஹுல் லுகா' என்ற சொல் நூலில் இதற்கென்றே பட்டியல் போடுகிறார். முட்டை கூமுட்டையானால் மதிர, நெய் காறினால் ஸனிக, அக்ரூட் பருப்பு கெட்டால் கனிம. ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்குப் போட மாட்டார்.

கேள்வி: தண்ணீருக்கு?

பதில்: நாறினாலும் குடிக்க முடிந்தால் ஆஜின். வாயில் வைக்கவே முடியாதென்றால் ஆஸின். குர்ஆன் 47:15இல் சொர்க்கத்து ஆறுகளின் தண்ணீர் 'ஆஸின்' ஆகாதது.

கேள்வி: 'தஃபர்' நறுமணமா, நாற்றமா?

பதில்: புள்ளியைப் பாருங்கள். அரபியில் எழுதும்போது முதல் எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் மூக்கைத் துளைக்கும் எந்த வாசனையும் அதில் அடங்கும். உயர்ந்த கஸ்தூரியும் 'அத்ஃபர்'தான். புள்ளி இல்லையென்றால் நாற்றம் மட்டுமே. இந்த உலகத்துக்கே 'உம்மு தஃபர்', நாற்றத்தின் தாய், என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதில் புள்ளி கிடையாது.

கேள்வி: நம் 'நாற்றம்' மாதிரியா?

பதில்: ஆமாம். இதை இனி யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. 'லிஸானுல் அரப்' அகராதி, ஸல்ல என்பது சமைத்ததற்கும் பச்சைக்கும் பொது என்கிறதே?

பதில்: அதே லிஸானில் 'கம்ம'வைப் புரட்டுங்கள்; பச்சைக்கு ஸல்ல என்று பிரித்திருக்கும். அதன் ஆசிரியர் இப்னு மன்ழூர் ஐந்து பழைய நூல்களைக் கொட்டித் தொகுத்தவர். முரண்கள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன.

கேள்வி: குறுக்கிடுகிறேன். பழைய அரபிக் கவிஞர் ஹுதைஆ ஒரு கொடையாளியை, 'பானையில் உள்ளதை வாரிக் கொடுப்பவன், அவனிடம் இறைச்சியை ஸுலூல் கெடுப்பதில்லை' என்று பாடுகிறார். ஸுலூல் என்பது ஸல்லவின் பெயர்ச்சொல். பானை என்றாலே சமைத்ததுதானே?

பதில்: நல்ல அடி! ஆனால் பானை முதல் பாதியில் இருக்கிறது, இறைச்சி இரண்டாம் பாதியில். அவன் அறுத்ததை அன்றே பங்கிட்டு விடுகிறான்; நாளைக்கென்று தொங்கவிடுவதில்லை. அப்படித் தொங்குவது பச்சை இறைச்சிதான். நீங்கள் படிப்பது போலவும் படிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கவிதை வரியை வைத்து ஸஆலிபியின் பிரிவையே தூக்கி எறிய முடியாது.

கேள்வி: பிரிட்ஜில் வைத்த பிரியாணி லேசாக வாடை அடிக்கிறது, சாப்பிடலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வாய் நாற்றத்துக்கு?

பதில்: பகர். கலீஃபா அப்துல் மலிக்குக்கு (ஆட்சி 685–705) இதனால்தான் 'ஈக்களின் தகப்பன்' என்று பெயர் வந்ததாம். நோன்பாளியின் வாயில் வருவது வேறு, அது குலூஃப். அல்லாஹ்விடம் கஸ்தூரியை விட மணமானது என்பது ஹதீஸ். இரண்டையும் குழப்பாதீர்கள். அக்குளுக்கு ஸுனான்.

கேள்வி: 'தஃபர்' நல்ல வாசனை என்று ஒரு செயலியில்…

பதில்: புள்ளி!

கேள்வி: கெட்ட இறைச்சிக்கு அரபியில் என்ன?

பதில்: மேலே, முதல் பதில்.