பிசியோதெரபி படிக்கிற மகளுக்கு உருது மொழிபெயர்ப்பு எதற்கு?

வணக்கம் பாய். நீளமாக எழுதியிருந்தீர்கள், ஆனால் கவலை ஒன்றுதான். மகள் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) நரம்பியல் படிக்கிறார், டிசர்டேஷனுக்கு, அதாவது படிப்பு முடிக்க எழுதும் ஆய்வேட்டுக்கு, ‘விழுந்துவிடுவோமோ’ என்ற பயத்தை அளக்கும் கேள்வித்தாளை உருதுவில் கொண்டுவந்து பக்கவாத நோயாளிகளிடம் சரிபார்ப்பதாகத் தலைப்பு எடுத்திருக்கிறார். கூடப் படிப்பவர்கள் எல்லாம் ஏதோ ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பலன் பார்க்கும்போது, இவர் மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த ஆஸ்பத்திரி வேலை கொடுக்கும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று. டிசர்டேஷன் தலைப்பைப் பார்த்து வேலை கொடுக்கிற ஆஸ்பத்திரி அநேகமாகக் கிடையாது. ஒரு பக்கம் விழுந்துபோன நோயாளியை எப்படி எழுப்பி உட்கார வைப்பாய், எப்போது கைத்தடி கொடுப்பாய் என்றுதான் நேர்காணலில் கேட்பார்கள். ஆக, தலைப்பால் நஷ்டமில்லை. லாபம் உண்டா என்பது மகள் அதை எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்த வகையில் உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கேள்வித்தாள் எஃப்.இ.எஸ். இன்டர்நேஷனல் (FES-I), ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கி 2005-ல் வெளியிட்டது. 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், கூட்டினால் 16-க்கும் 64-க்கும் நடுவில் வரும், கூடக் கூட பயம் அதிகம். ஸ்ட்ரோக் வந்தவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், நடக்கத் தெம்பு திரும்பிய பிறகும் பயத்தாலேயே நடக்காமல் இருப்பவர்கள் நிறைய. நடக்காவிட்டால் தசை இன்னும் தளரும், சமநிலை போகும், கடைசியில் எதற்குப் பயந்தாரோ அதுவே நடக்கும். சமநிலையைப் பார்க்க பெர்க் அளவுகோல் இருக்கிறது, 14 செயல்கள், 56 மதிப்பெண். ஆனால் அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய் கட்டிலை விட்டு இறங்காத ஆளை அது காட்டிக்கொடுக்காது. அவரிடமே கேட்க வேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற பாஷையில். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 12 லட்சத்துக்கு மேல். வாணியம்பாடியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறீர்களே, அங்கே வருகிறேன். தொலைபேசி மணி நிற்பதற்குள் போய் எடுப்பது பற்றி ஒரு கேள்வி உண்டு. கூடத்து மூலையில் போன் இருந்த காலத்துக் கேள்வி அது, இன்று போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. குளிப்பது பற்றி ஒன்று. நம் வீட்டில் குளிப்பது என்றால் வாளி, கப், ஈரத் தரை, அதிலும் ஒரு கை வேலை செய்யாது. கடைக்குப் போவது பற்றி ஒன்று: கடைக்கே போகாத பெரியம்மா என்ன சொல்வார்? (இதற்குக் கேள்வித்தாளிலேயே வழி இருக்கிறது. இப்போது செய்யாத வேலையாக இருந்தால், செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். அதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.) அப்புறம் தொழுகை. மத நிகழ்ச்சிக்கு வெளியே போவது கடைசிக் கேள்வியில் வருகிறது, ஆனால் சஜ்தாவிலிருந்து (நெற்றி தரையில் படக் குனியும் நிலை) எழும்போது வரும் பயம் 16 கேள்விகளில் எங்கேயும் இல்லை. நல்ல யோசனை என்று 17-ஆவது கேள்வியாகச் சேர்த்துவிட்டால் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும், தனியாகக் கேட்டுத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். இந்த மாதிரி முடிவுகளை எடுக்கப் பழகுவதுதான் இந்த டிசர்டேஷனில் இருக்கும் படிப்பு, மொழி இதில் பாதிகூட இல்லை.

முறையும் தெளிவாக இருக்கிறது. 2000-ல் வந்த வழிகாட்டலைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: இரண்டு பேர் தனித்தனியாக உருதுவில் எழுத வேண்டும், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஒரு குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும், பிறகு 30 - 40 நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சரிபார்ப்பு. அதே ஆளிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அதே பதில் வருகிறதா, பெர்க் மதிப்பெண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஸ்ட்ரோக் வந்த புதிதில் உடல் வேகமாகத் தேறும், பயமும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஆறு மாதம் தாண்டியவர்களை எடுக்கச் சொல்லுங்கள். பேச்சு பாதிக்கப்பட்டவர்களை என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். வீட்டில் உருது பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராதவர்கள் நம் பக்கம் ஏராளம், அதனால் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியே கேட்பது நல்லது. பக்கத்தில் நிற்கும் மகனோ மனைவியோ முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள், அதற்கும் தயாராக இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். உருதுவில் இந்த மாதிரி மொழிபெயர்ப்பு ஆய்வுகள் பாகிஸ்தானிலிருந்து நிறைய வருகின்றன. மகள் தேடிப் பார்த்துவிட்டாரா? அங்கே ஏற்கெனவே செய்திருந்தால் மறுபடி மொழிபெயர்ப்பது வீண். அனுமதி வாங்கி அதையே எடுத்து, ஆம்பூர், வாணியம்பாடிப் பேச்சுக்கு அது புரிகிறதா என்று சோதிப்பது இன்னும் நல்ல தலைப்பு, எம்.பி.டி.யின் இரண்டு வருடத்துக்குள் முடிக்கக்கூடியதும்கூட. எதுவானாலும் மூலக் கேள்வித்தாள் உரிமையாளரின் அனுமதியும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் வராமல் ஒரு நோயாளியிடம்கூடப் பேசக்கூடாது.

வேலைக்கு வருவோம். நரம்பியல் மறுவாழ்வு மையங்கள், பி.எச்டி., ஆசிரியர் வேலை எல்லாம் எப்போதும் போலத் திறந்தே இருக்கின்றன. கூடுதலாக ஒரு கதவு உண்டு. மருந்து ஆய்வுகளில் நோயாளியே சொல்லும் பதில்களுக்கு இப்போது மதிப்பு அதிகம், அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்றே 2009-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தக் கேள்வித்தாள்களைப் பல மொழிகளில் சரிபார்த்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன, மருத்துவமும் மொழியும் சேர்ந்து தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். இதை நம்பி மட்டும் இருக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் பெரும்பாலும் வேலைக்கு வேலை காசு, மாதச் சம்பளம் சில பேருக்குத்தான். நோயாளிகளோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு இதற்குப் போவதும் சரியில்லை. இன்னொன்று, ஸ்டாட்டிஸ்டிக்ஸை யாரிடமோ காசு கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள் பலர். மகள் தானே உட்கார்ந்து செய்யட்டும், எந்த வேலைக்குப் போனாலும் கூட வருவது அதுதான்.

நீங்கள் உதவ வேண்டுமென்றால் ஒரு வேலை இருக்கிறது. முதல் மொழிபெயர்ப்பு செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கக் கூடாது, உருது தாய்மொழியாகவும் ஆங்கிலம் நன்றாக வருவதாகவும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது இருந்தால் விசாரித்து வையுங்கள், ஆனால் கேள்வித்தாள் எதற்கு என்று அவரிடம் முன்னாலேயே விளக்கிவிடாதீர்கள்.