பள்ளியில் படிக்கும்போதே வேலைக்கு உதவும் திறன்களை வளர்ப்பது எப்படி?

மதிப்பெண் தவிர வேறு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 வேலைவாய்ப்பு அறிக்கையில் நிறுவனங்கள் முதலிடம் கொடுத்தது பகுப்பாய்வுச் சிந்தனைக்கு. பத்தில் ஏழு நிறுவனங்கள் அது அவசியம் என்றன. இதற்குத் தனி வகுப்பு தேவையில்லை. கணக்கில் விடை தப்பானால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எந்த வரியில் தடம் மாறியது என்று தேடுங்கள். அலுவலகத்தில் ஒரு கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

பேச்சுத்திறன் என்றதும் பலர் மேடையைத்தான் நினைக்கிறார்கள். அதற்குத் தேவைக்கு மேல் மவுசு கொடுக்கிறோம் என்பது என் கருத்து. பெரும்பாலான வேலைகளில் வேண்டியது, ஒரு விஷயத்தை நாலு பேருக்குப் புரியும்படி சுருக்கமாக எழுதுவதும், புரியாததைத் தயங்காமல் கேட்பதும். படித்த பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் வகுப்புத் தோழருக்கு விளக்கிப் பாருங்கள். எங்கே திணறுகிறீர்களோ, அந்த இடம் உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் குழு வேலை. எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப்போட்டுச் செய்தால் மற்றவர்கள் எதையும் கற்பதில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் தாமதித்தால் சண்டையில்லாமல் கேட்கலாம். நேரத்தைத் திட்டமிடச் செயலி வேண்டுமா? சாதாரண நோட்டே போதும்.