கண்டம் ஏன் கட்டையாகிறது? – அடுப்படி கேள்வி பதில்

மாசியில் போட்ட உப்புக்கண்டம். குக்கரில் எட்டு விசில் விட்டும் ரப்பர் மாதிரி இழுக்கிறது. புளிக்கரைசல், மொச்சை எல்லாம் ஒன்றாகப் போட்டுத்தான் வேகவைத்தேன். எங்கே தவறு? – வாசகி, தேவகோட்டை

எட்டு விசில் தாராளம். தவறு வரிசையில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த கறி, போன தண்ணீரைத் திரும்பக் குடிக்காமல் வேகாது. ஊறாமல் குக்கரில் ஏற்றினால் மேல்பகுதி மட்டும் வெந்து, நடுவில் கட்டை அப்படியே நிற்கும்.

200 கிராம் கண்டத்தை முதலில் அலசி, 1 லிட்டர் வெதுவெதுப்பான அரிசி கழுவிய தண்ணீரில் 2 மணி நேரம் ஊறப்போடுங்கள். பாதியில் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். உப்பு இறங்குவதும் இங்கேதான். மாதக்கணக்கில் இருந்த கண்டம் என்றால் இரவே போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஊறிய துண்டை இரு கையாலும் வளைத்தால் வார் மாதிரி மடங்க வேண்டும். மடங்காமல் விறைத்து நின்றால் இன்னும் ஊறவில்லை.

பிறகு அம்மியில் வைத்துக் குழவியால் லேசாகத் தட்டுங்கள். நசுங்க வேண்டாம், நார் பிரிந்தால் போதும். குக்கரில் 2 டம்ளர் தண்ணீர், தட்டிய இஞ்சி, பத்து சின்ன வெங்காயம் போட்டு முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 25 நிமிடம். உப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம். ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் துண்டுக்குள் இருக்கும் சாறு குபீரென்று கொதித்து வெளியேறி, கறி சக்கையாகிவிடும். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

புளி ஏன் கூடாது? புளிப்பு ஏறினால் கறி தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இறுகும். மொச்சையும் புளித்தண்ணீரில் வேகாமல் முரண்டு பிடிக்கும். இரண்டையும் தனித்தனியே வேகவைத்துவிடுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கல்பாசி, பட்டை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மசாலாவும் கத்தரிக்காயும் சேர்த்த பிறகு வெந்த கண்டத்தையும் மொச்சையையும் போடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுவது அதற்குப் பிறகுதான். கண்டம் வெந்த தண்ணீர் கரிக்கும். அதில் பாதியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு.

பப்பாளிக்காய் போட்டால் சீக்கிரம் வேகுமாமே? – வாசகர், பள்ளத்தூர்

பச்சைக் கறிக்குச் சரி. காய்ந்த கண்டத்துக்குள் அது இறங்காது. மேல்பகுதி கூழாகும், நடு அப்படியே இருக்கும். கொதி வந்துவிட்டால் அதன் வேலையும் முடிந்தது. ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுவதே மேல்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், மார்ச் மாதம் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று 'கார்ன்டு பீஃப்' வாங்கி, நம் ஆட்டுக்கறி போல நாலு விசில் விட்டிருக்கிறான். தேங்காய் நார் போல ஆகிவிட்டதாம். சிவப்பும் போகவில்லை, வேகவில்லையோ என்கிறான். – வாசகி, காரைக்குடி

மார்ச் 17 அங்கே புனித பேட்ரிக் திருநாள். அதையொட்டித்தான் இது கடைகளில் குவியும். சோளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'கார்ன்' என்றால் பழைய ஆங்கிலப் பேச்சில் உப்புப் பரல். மாட்டின் நெஞ்சுக்கறியை உப்பு நீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டது. நம் கண்டத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் வெயில் படாதது.

ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி கணக்கு இதற்கு ஆகாது. நெஞ்சுப்பகுதி மாடு நாளெல்லாம் உழைக்கும் தசை, சவ்வு அதிகம். 65 டிகிரி தாண்டியதும் நார் சுருங்கிச் சாற்றைத் தள்ளிவிடும். சவ்வு பாகாக உருகவோ அதற்கு மேலும் சூடு, கூடவே மணிக்கணக்கில் நேரம் வேண்டும். நாலு விசிலில் முதல் வேலை முடிந்தது, இரண்டாவது தொடங்கவே இல்லை. அதனால் நார் போல இருப்பதை மேலும் வேகவைத்தால்தான் மெத்தென்று ஆகும்.

1.5 கிலோ துண்டை நன்றாக அலசி, மூழ்கி ஓர் அங்குலம் நிற்கும் அளவு தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைக்கச் சொல்லுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். 3 முதல் 3½ மணி நேரம். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் எதிர்ப்பில்லாமல் திரும்ப வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 90 முதல் 95 டிகிரி. குக்கர்தான் என்றால் சிம்மில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு கடைசி அரைமணியில்.

இறக்கி 20 நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு வெந்தாலும் பல்லில் மாட்டும். சிவப்பு, பதப்படுத்தும்போது சேர்க்கும் நைட்ரைட் உப்பால் வருவது. வேகாததன் அடையாளம் அல்ல.

கண்டம் காயும்போதே நடுவில் நாற்றம் வருகிறது. மேலே வெள்ளையாகவும் பூத்திருக்கிறது. – வாசகர், கோட்டையூர்

தடியாக வெட்டியிருப்பீர்கள். சுள்ளென்ற வெயிலில் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். சுண்டுவிரல் கனத்துக்கு மேல் வேண்டாம். கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அது காயாது, சிக்கெடுக்கும். 1 கிலோ கறி 400 கிராமுக்குள் சுண்டும் வரை காய வேண்டும். நாற்றம் வந்ததைப் பொரித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

நாற்றமில்லாத துண்டில் வெள்ளை பூத்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. பஞ்சு போலக் கிளம்பி, பச்சையோ கறுப்போ கலந்து நின்றால் பூஞ்சணம். அந்தச் சரத்தோடு எறிந்துவிட வேண்டியதுதான்.