தச்சுப்பட்டறை கேள்வி பதில்: பழைய இயந்திரங்களுக்கு மறுவாழ்வு

கேள்வி: சுங்கை காடுட்டில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய வாட்கின் பட்டை ரம்பம் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. என் மைத்துனரின் தரைவீட்டில் அதை வைக்க இடம் இருக்கிறது. ஆனால் மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3 ஃபேஸ் என்று போட்டிருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இது ஓடுமா, அல்லது மோட்டாரை மாற்ற வேண்டுமா?
*வாசகர், சிராங்கூன்*

பதில்: மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. வாட்கின், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1897இல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஆலையில் நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே வார்க்கப்பட்ட அந்தக் கனமான இரும்பு உடலை இன்றைய வீட்டு உபயோக ரம்பங்களில் காண்பது அரிது. பிரிட்டனைப் போல இங்கு சிங்கப்பூரிலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே என்பதால் வேகமும் குறையாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட அமெரிக்க மோட்டாராக இருந்தால் அது இங்கே ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்திருக்கும். அப்போது உள்ளூர் மோட்டாரைப் பொருத்தச் சொல்லியிருப்பேன்.

சிக்கல் 3 ஃபேஸ் எனப்படும் மும்முனை இணைப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம். விஎஃப்டி என்று கடைகளில் சொல்லப்படும் கருவி அதை மும்முனையாக மாற்றித் தரும். ஆனால் அதிலிருந்து வெளிவருவதும் 230 வோல்ட்தான், 415 அல்ல. ஆகவே, வாங்குவதற்கு முன்பே மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஆறு முனைகள் இருந்து, அவற்றில் மூன்றைப் பித்தளைத் தகடுகள் ஒன்றாகச் சேர்த்திருந்தால் அது ஸ்டார் இணைப்பு. அந்தத் தகடுகளைக் கழற்றி டெல்டா முறையில், அதாவது மூன்று சுருள்களும் முக்கோணமாக இணையும்படி, மாற்றிப் பொருத்தினால், ஒவ்வொரு சுருளுக்கும் அதற்குரிய மின்னழுத்தம் கிடைத்து, அதே மோட்டார் 230 வோல்ட்டில் முழு வலுவுடன் ஓடும். மூன்று கம்பிகள் மட்டுமே வெளியே வந்திருந்தால், ஸ்டார் முனை பெரும்பாலும் சுருளுக்குள் புதைந்திருக்கும். மோட்டார் வைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் அதைத் தேடிப் பிரித்து, ஆறு கம்பிகளையும் வெளியே எடுத்துத் தருவார்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய சுவிட்சை வைத்து இயக்கினால் கருவி பழுதாகிவிடும். ஓட்டுவதையும் நிறுத்துவதையும் விஎஃப்டியின் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே செய்ய வேண்டும். மின்சாரம் தடைபட்டுத் திரும்பும்போது ரம்பம் தானாகச் சுழலத் தொடங்காதபடியும் அதை அமைத்துக்கொள்ளுங்கள். மேலும், இக்கருவிகளின் வடிகட்டியிலிருந்து எர்த்துக்குச் சிறிதளவு மின்சாரம் கசிவதால், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டின் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச், அதாவது ஆர்சிசிபி, அவ்வப்போது விழக்கூடும். அதற்காக ஆர்சிசிபியைத் துண்டிக்க யாரேனும் யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துத் தனி இணைப்பு அமைத்துக்கொள்வதே முறை.

கேள்வி: அப்பா பயன்படுத்திய இழைப்பு இயந்திரம் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்து, மேசை முழுவதும் துருவேறிவிட்டது. முதலில் பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடித்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாமா?
*வாசகி, பிடோக்*

பதில்: பெயிண்ட் கடைசி வேலையாக இருக்கட்டும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. முதலில் கத்தி பொருத்தும் உருளையைப் பாருங்கள். அது வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால், அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், ஓட்ட வேண்டாம். சதுர உருளைக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளி விரலை உள்ளே இழுத்துவிடும்.

உருளை வட்டமாக இருந்தால், பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரலில் தெரிந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். இது பெரிய செலவில்லை. பேரிங்கின் வளையத்தில் 6204, 6205 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6204 என்றால் உள்துளை 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. அந்த எண்ணைச் சொன்னால் ஜாலான் புசார் வட்டாரக் கடைகளில் அதே அளவு புதிதாகக் கிடைக்கும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாதையில் இறங்கிப் பள்ளம் விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே இரையத் தொடங்கும்.

மேசையின் துருவுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய உரசு தாளும் போதும். கழற்ற முடிகிற சிறிய இரும்புப் பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் இட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும், நேர்முனையை ஒரு சாதாரண இரும்புத் துண்டிலும் இணைத்தால் துரு தானாகக் கழன்று வரும். இதைக் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள், ஏனெனில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நேர்முனையில் எவர்சில்வரை மட்டும் வைக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலந்துவிடும். அலுமினியப் பாகங்களையும் இதில் போடக் கூடாது, அரித்துவிடும். நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், துடைத்த மேசையை அன்றே மெழுகு பூசி மூடிவிடுங்கள். சிலிக்கோன் கலக்காத மெழுகாக இருக்க வேண்டும். சிலிக்கோன் மரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

கேள்வி: வீவக அடுக்குமாடி வீட்டில் பழைய மைஃபோர்டு எம்எல்8 கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாமா?
*வாசகர், ஈசூன்*

பதில்: இழைப்பு இயந்திரத்தையும் வட்ட ரம்பத்தையும் அடுக்குமாடியில் நான் பரிந்துரைக்க மாட்டேன், அவற்றின் இரைச்சல் அண்டை வீட்டாருக்குப் பெருந்தொல்லை. கடைசல் இயந்திரம் அவ்வளவு இரையாது. ஆனால் அதிர்வு தரைவழியே கீழ்வீட்டுக்கு இறங்குமாதலால் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் வையுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓட்டாதீர்கள். இரைச்சலைவிட எனக்குக் கவலை தருவது தூசிதான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. ஈரமரத்தைக் கடையும்போது சுருள் சுருளாக விழுவதால் தூசி குறைவு. உரசு தாள் போடும்போதுதான் நுண்தூள் காற்றில் நிறைகிறது. அந்த வேலைக்கு மட்டுமாவது முகக்கவசம் அணிந்து, தூசியுறிஞ்சியின் குழாயைத் தாளுக்கு அருகிலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.