தூண்பாறையின் முதுகு

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலில் சுற்றுலா வருபவர்களுக்குப் படம் எடுத்துக்கொடுப்பது என் தொழில். அமெரிக்கக் கலைஞர் லீத்தா வில்சன், தாம் எடுத்த மலைப் படங்களை வெட்டியும் மடித்தும், அவற்றின்மேல் கான்கிரீட் ஊற்றியும் சிற்பமாக்குவதைப் பார்த்தேன். இது ஒளிப்படமா, சிற்பமா? நல்ல படத்தைப் பாழாக்குவது ஆகாதா? இத்துடன் அனுப்பியுள்ள என் தூண்பாறைப் படங்களில் நானும் இதைச் செய்துபார்க்கலாமா?

கே., கொடைக்கானல்

அன்புள்ள கே.,

முதல் கேள்வியை விட்டுவிடுவோம். ஒளிப்படத்தைச் சிற்பமாக்கிய ஆக்கங்களுக்கென்றே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அதன் ஒளிப்படக் காப்பாளர் பீட்டர் பனெல் 1970-லேயே ஒரு காட்சி நடத்திவிட்டார். அந்த வழக்கை நாம் மறுபடி நடத்த வேண்டியதில்லை. மலைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சில காலமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் இரண்டாம் கேள்வி தொட்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய எல்லாப் படங்களிலும் தூண்பாறை ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறது. அந்தப் பக்கத்தைத் தேர்ந்தவர் நீங்கள் அல்லர். பார்வைமுனையின் கம்பி வேலி. ஏறத்தாழ 400 அடி உயரத்துக்கு நிற்கும் பாறைகளின் முன்னால், வேலியில் சாய்ந்து, மஞ்சு விலகும் நொடிக்குக் காத்திருந்து, எல்லோரும் எடுக்கும் அதே படத்தை நீங்களும் எடுத்திருக்கிறீர்கள். அதில் பாறைக்கு எடை இல்லை, முதுகு இல்லை. ஒரு மலையை இதைவிடவா பாழாக்க முடியும்? பிழைப்புக்காக எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, தம்பி. கலை என்று கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.

சிறுவயதில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் ஒன்றில் மழைக்கு ஒதுங்க, என் தாத்தா என்னை ஒரு கற்திட்டைக்குள், அதாவது பலகைக்கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னத்துக்குள், குனிந்து நுழையச் சொன்னார். தலைக்குமேல் ஒற்றைப் பலகைக்கல். அதன் அடிப்புறம் சில்லிட்டு, நீர் கோத்து, உள்ளங்கையில் மணல்போல் நெருடியது. அத்தனை பெரிய கல்லைத் தூக்கி நிறுத்தியவர்களை எண்ணி நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். செண்பகனூரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்கலேட், நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பிற்பாடுதான் அந்தக் கற்திட்டையின் படம் ஒன்றையும் பார்த்தேன். புல்வெளியில் கிடக்கும் ஒரு மேசையாக இருந்தது. நான் தொட்ட கல் அதில் இல்லை.

வில்சனின் சில ஆக்கங்களில் ஈரக் கான்கிரீட் படத்தின் நிறத்தை உறிஞ்சித் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. காகிதம் இழந்த எடையைப் படம் அங்கே திரும்பப் பெறுகிறது. பார்ப்பவரும் நின்ற இடத்தை விட்டு நகர்ந்து சுற்றிவர வேண்டியிருக்கிறது. வேலியோரம் எடுத்த படத்தின்மேல் நீங்கள் சிமெண்டைக் கொட்டினால் கனத்த அஞ்சலட்டைதான் மிஞ்சும்.

ஆகவே முதலில் தாண்டிக்குடிக்குப் போங்கள். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு உள்ளே குனிந்து நுழையுங்கள். கல்லின் அடிப்புறத்தைக் கையால் அறிந்தபின் படம் எடுங்கள். அந்தப் படங்களை எனக்கு அனுப்புங்கள். மடிப்பதா, வெட்டுவதா என்பதை அவற்றை வைத்துப் பேசலாம். ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. புதையல் தேடியவர்கள் புரட்டிப் போட்டவையே அங்கே ஏராளம்.